பன்றி கத்தி முடிக்கும் வரை

மெரின்டேல்
ஞாயிறு, 4 ஆகஸ்ட் 2019

கிளெமுக்கு,

பத்து வருடம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். 'அன்புள்ள' என்று ஆரம்பிக்கப் பார்த்தேன், பேனா நகரவில்லை. 'மதிப்பிற்குரிய' என்பது அதைவிடப் பெரிய பொய்யாக இருந்தது. ஆகவே வெறும் கிளெம். நீயும் உன் வீட்டாரும் ஆக்லாந்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் இருக்கிறேன். முழங்கால் வலி, இரத்தக் கொதிப்புக்கு ஒரு மாத்திரை, சமையலறைக் கூரையில் ஒழுக்கு. ஐம்பத்தேழு வயதில் தனியாக இருப்பவனுக்கு என்னென்ன இருக்குமோ அவ்வளவும் இருக்கின்றன.

இந்த வருடம் இங்கே மழையே இல்லை. கரும்பு வெட்டு தொடங்கிவிட்டது. கரும்புக் கொல்லைகளைக் கொளுத்துகிறார்கள், கொடியில் காயும் சட்டையெல்லாம் கரித்தூள். நான் தொழிற்கல்லூரியில் வாரம் மூன்று நாள் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வெல்டிங் படிக்க வந்தவர்களுக்கு முக்கோணவியல். என்னைப் பார்த்து அவர்கள் கொட்டாவி விடுகிறார்கள், அவர்களைப் பார்த்து நானும் விடுகிறேன். சம்பளம் வருகிறது.

அந்தக் கல்லூரியின் தேநீர் அறையில்தான் போன செவ்வாய்க்கிழமை உன் முகத்தைப் பார்த்தேன். யாரோ விட்டுப்போன லாரித் தொழில் பத்திரிகை ஒன்று. நடுப்பக்கத்தில் நீ தலைக்கவசம் மாட்டிக்கொண்டு சிரிக்கிறாய், மீசை நரைத்துவிட்டது. பின்னால் பச்சை நிறத்தில் ஒரு குப்பை வண்டி. பேட்டரியே இல்லாத ஹைப்ரிட், அங்கே உங்கள் தெற்குத் தீவில் ஒரு மேட்டு நகரத்துக்கு முப்பது வண்டிகள், முதல் ஐந்து போய்ச் சேர்ந்துவிட்டன என்று எழுதியிருந்தது. ஒரு நாள் ஜன்னல் வழியாகக் குப்பை வண்டி நின்று நின்று போவதைப் பார்த்தபோது இந்த யோசனை உனக்குப் பளிச்சென்று வந்ததாம். அது என் வீட்டு ஜன்னல், கிளெம். நீ அப்போது வேலையில்லாமல் என் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தாய். வண்டிச் சத்தத்தில் எழுந்து அதைத் திட்டினாய். எனக்கு நினைவிருப்பது அவ்வளவுதான்.

இதற்காக நான் எழுதவில்லை. இதற்கென்றால் பத்து வருடத்தில் ஐம்பது கடிதம் எழுதியிருக்கலாம். பத்திரிகையை வீட்டுக்கு எடுத்து வந்து, என் அம்மாவின் பூதக்கண்ணாடியை வைத்து அந்தப் படத்தைப் பார்த்தேன். அதில் தெரிந்த ஒன்று என்னை விடவில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்ததையே எழுதப்போகிறேன். ஆனால் முதலிலிருந்து வரிசையாக எழுதினால்தான் எனக்குக் கோர்வையாக வரும்.

குப்பை வண்டி ஒரு நாளைக்கு ஆயிரம் முறை நிற்கிறது, ஆயிரம் முறை கிளம்புகிறது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் பிரேக் சூடாகி அந்த வேகம் வீணாகிறது. நம் இரண்டு பேர் கம்பெனியில் நாம் அதைப் பிடித்து வைத்தோம். வண்டி வேகம் குறைக்கும்போது ஒரு பம்ப் எண்ணெயைத் தள்ளும். அந்த எண்ணெய் கனத்த எஃகு சிலிண்டருக்குள் போய், அங்கே ரப்பர் பையில் அடைத்திருக்கும் நைட்ரஜனை நசுக்கும். கிளம்பும்போது நசுங்கிய வாயு எண்ணெயைத் திருப்பித் தள்ளும், எஞ்சின் முக்காமல் வண்டி நகரும். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து அமுக்கிவிட்டுக் கைப்பிடியை விட்டால் திரும்பி வருமே, அதேதான். ஆயிரம் மடங்கு கோபத்தோடு.

பேட்டரி விற்கிறவர்கள் நம்மை எப்படிக் கிண்டல் செய்தார்கள்! நகராட்சிக் கூடத்தில் ஒருவன் எழுந்து, "பேட்டரி இல்லாத ஹைப்ரிட்டா? மாடு இல்லாம பால் கறக்கறீங்களா?" என்று கேட்டான். அன்றைக்கு நம் முதல் வண்டியை ஓட்டிக் காட்டியது நகராட்சி ஓட்டுநர் ரேலீன். மேட்டுத் தெருவில் நிறுத்தி, எடுத்து, இறங்கி வந்து சொன்னாள்: "மிதிச்சதும் ஓடுது, சார். என் மொதப் புருஷன்கூட இவ்ளோ வேகமா ஓடல." கூட்டம் சிரித்தது. ஒரு வண்டியை ஒரு வருடம் ஓட்டிப் பார்க்கச் சம்மதித்தார்கள். நன்றாக ஓடினால் மேலும் இருபது.

சிலிண்டருக்குப் பன்றி என்று பெயர் வைத்தவன் வின்ஸ் தம்புரோ. நகராட்சிப் பணிமனையின் தலைமை மெக்கானிக். அவன் அப்பா வருடத்துக்கு ஒரு பன்றி அடித்து சலாமி இறைச்சி உலர்த்துகிறவர், அந்தச் சத்தம் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். வேலை முடிந்து வண்டி வந்ததும் சிலிண்டரில் மிச்சமிருக்கும் எண்ணெயை வடிகால் வால்வு வழியாகத் தொட்டிக்கு விட வேண்டும். விடும்போது அது கத்தும். நாற்பது நொடி, குரல்வளையில் கத்தி வைத்த மாதிரி. பிறகு மெலிந்து, இழுத்து, நிற்கும். அது நிற்கும் வரை பணிமனையில் ஒருவரும் ஸ்பானரைத் தொட மாட்டார்கள். வின்ஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு இத்தாலிய மொழியில் ஒன்று இரண்டு எண்ணுவான். புதிதாக வந்தவர் யாராவது அவசரப்பட்டால், "பன்னி இன்னும் பாடிக்கிட்டிருக்கு, நீ எங்க ஸ்பானரத் தூக்கிட்டு வர்ற?" என்று விரட்டுவான்.

இன்னொன்றும் அவன் காதுக்குத் தெரியும். சாவியை அணைத்தால் சிலிண்டரின் வாயில் இருக்கும் வால்வு தானாக மூடிக்கொள்ளும். வண்டி நிற்கும்போது பாதுகாப்புக்காக நாம் வைத்தது. மூடியிருக்கும்போது வடிகாலைத் திறந்தால் குழாயில் தங்கிய கொஞ்சம் எண்ணெய் மட்டும் கீச்சென்று ஒரு நொடி கத்தி அடங்கும். சிலிண்டர் அப்படியே நிறைந்திருக்கும். அந்த ஒரு நொடிக் கீச்சைக் கேட்டதும் வின்ஸ், "நடிக்குதுடா! சாவியப் போடு, மறுபடி விடு" என்பான். அழுத்தம் காட்டும் கேஜை யாரும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் பிரயோசனமில்லை. ஏனென்றால் கேஜ் இருந்தது குழாயின் பக்கம், சிலிண்டரின் பக்கம் அல்ல. வாய் மூடியிருந்தால், உள்ளே முந்நூறு பார் அழுத்தம் இருக்கும்போதே அது பூஜ்யம் காட்டும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெரிய வேண்டும் என்று அதை அங்கே வைத்தவன் நான்.

அப்புறம்தான் பணிமனைக்குப் பின்னால் புது வீடுகள் வந்தன. அங்கே குடிவந்தவர்கள் புகார் சொன்ன நகராட்சிக் கூட்டத்துக்கு நீயும் நானும் போயிருந்தோம். ஒரு அம்மாள் எழுந்து, தினமும் மதியம் ஒன்றரை மணிக்கு அந்த அலறலைக் கேட்டு அவளுடைய நாய் சோபாவுக்கு அடியில் போய்விடுவதாகவும், போன வாரம் போனது இன்னும் சரியாக வெளியே வரவில்லை என்றும் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், கவுன்சிலர்கள் சிரிக்கவில்லை. திரும்பும்போது காரில் நீ ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே சொன்னாய்: "ஒரு டப்பா, மச்சான். ஒரே ஒரு டப்பா. ஜனவரியில இருபது வண்டிக்கு ஓட்டெடுப்பு. ஒரு நாய்க்காக அதக் கெடுத்துக்கப் போறமா? நீ வரைஞ்சா மூணு நாள்ல முடியும்."

மூன்று நாளில் முடித்தேன். எனக்குப் பெருமையாகவும் இருந்தது. வடிகால் குழாயில் ஒரு சைலன்சர், நான்கு போல்ட். எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி வால்வைத் திறந்தோம். அலறல் இல்லை. தூங்குகிறவன் மூச்சுவிடுகிற மாதிரி ஒரு சத்தம், அதுவும் பக்கத்தில் போனால்தான் கேட்கும். ரேலீன் கைதட்டினாள். நீ கேக் வாங்கி வந்திருந்தாய். வின்ஸ் மட்டும் கேக் எடுக்கவில்லை.

"எனக்கு இது பிடிக்கல, புரொபசரே" என்றான். (நான் படித்தவன் என்பதற்காக அவர்கள் வைத்த பெயர் அது. பாதி மரியாதை, பாதி குத்தல்.) "இனிமே அது காலியாச்சா இல்லையான்னு நான் எதை வெச்சுக் கண்டுபிடிக்கிறது?"

நான் சொன்னேன்: "கேஜைப் பாருங்க, வின்ஸ். அதுக்குத்தான் கேஜ் இருக்கு."

இதை நான் சொன்னேன், கிளெம். நீ சொல்லவில்லை. சொன்னதோடு நிற்காமல், சுவரில் ஒட்டும் செய்முறைத் தாளிலும் எழுதி, என் கையாலேயே ஒட்டினேன். 'வடிகாலைத் திறக்கவும். கேஜ் பூஜ்யம் காட்டும் வரை காத்திருக்கவும்.'

பதினொரு நாள் கழித்து, இறைச்சி அடைத்த ரொட்டி ஒன்றைத் தின்றுகொண்டிருந்தபோது, என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு உன்னைத் தேடி வந்தேன். நீ கார் நிறுத்துமிடத்தில், பரிசுத்தாள் சுற்றிய பெட்டிகளை டிக்கியில் ஏற்றிக்கொண்டிருந்தாய். சிலிண்டரின் கழுத்தில் ஒரு துளை போட்டு, ஒரு பித்தளை இணைப்பு வைத்து, இன்னொரு கேஜ் மாட்ட வேண்டும், அரை நாள் வேலை என்றேன். நீ டிக்கியை மூடினாய். "வண்டிய நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா ஓட்டு போச்சு. கிறிஸ்மஸ் முடியட்டும், சத்தமில்லாம செஞ்சிரலாம்" என்றாய்.

நான் சரி என்றேன். பத்து வருடமாக நீ மறுத்ததை மட்டும் நினைத்துப் பல்லைக் கடித்திருக்கிறேன். நான் சரி என்றதை இன்றுதான் முதல் தடவையாக எழுதுகிறேன். அங்கிருந்து பணிமனை இருபது அடி. வின்ஸிடம் போய், 'நான் சொன்னது தப்பு, கேஜை நம்பாதீங்க' என்று சொல்லியிருக்கலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. கேக் வெட்டிப் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

டிசம்பர் இருபத்தெட்டு, திங்கட்கிழமை. நீ கடற்கரை வீட்டுக்குப் போயிருந்தாய். பண்டிகை வாரத்துக் குப்பையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, தெருத் தெருவாக இறால் ஓடு, வெயில், ஈ. ரேலீன் இரண்டாவது சுற்றின் நடுவிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தாள், சிலிண்டரின் கழுத்தில் கசிவு. கொண்டுவந்து நிறுத்தினாள், சாவியை அணைத்தாள், தண்ணீர் குடிக்கப் போனாள். வாய் வால்வு மூடிக்கொண்டது. வின்ஸ் வடிகாலைத் திறந்தான். தாளில் எழுதியிருந்தபடி நின்று கேஜைப் பார்த்தான். பூஜ்யம். கழுத்து நட்டில் ஸ்பானரை வைத்தான்.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. சின்னதாக ஒரு சீறல். கையை உதறினான். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். இடது உள்ளங்கையில், சுட்டுவிரலுக்குக் கீழே, ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி. இரத்தம்கூட இல்லை, ஒரு சொட்டு எண்ணெய்.

"போய்க் காட்டுடா" என்றாள் ரேலீன்.

"இந்தப் புள்ளிக்கா? நர்ஸ் சிரிப்பா. தேனீ கொட்டின மாதிரிதான் இருக்கு" என்று சொல்லி, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, எங்களோடு உட்கார்ந்து சாண்ட்விச் தின்றான். சிலிண்டர் எப்படி நிறைந்திருந்தது என்று தன்னையே கேட்டுக்கொண்டான். "நான் சரியா நிக்கலபோல" என்றான். முந்நூறு பார் அழுத்தத்தில் வரும் எண்ணெய் தோலின் மேல் நிற்காது, உள்ளே போகும் என்பது அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவனுக்காவது தெரிந்திருக்க வேண்டும். பட்டம் வாங்கியவன் ஒருவன் இருந்தானே. நான் உப்பை நகர்த்திக் கொடுத்தேன்.

மாலைக்குள் கை வீங்கிக் கிரிக்கெட் கையுறை மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் முழங்கைக்குக் கீழே கையை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

பிப்ரவரியில் விசாரணை. விசாரிக்க வந்த அதிகாரி என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: சிலிண்டர் முழுவதும் காலியாகியிருந்தால் இது நடந்திருக்குமா? நடந்திருக்காது என்றேன். உண்மை. எழுதிக்கொண்டார்கள். காலியாகிவிட்டது என்று கேஜ் பொய் சொல்லுமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வெளியே வரும்போது நீ என் தோளைத் தட்டி, "அளவாப் பேசின" என்றாய். தொழிலாளி போதிய நேரம் காத்திருக்கவில்லை என்று அறிக்கை வந்தது. வின்ஸ் மறுக்கவில்லை. அவனே அப்படித்தான் நம்பினான்.

அந்த இருபது வண்டிக்கான ஓட்டெடுப்பு கடைசியில் நடக்கவே இல்லை. கம்பெனியை மூடினோம். நீ வரைபடங்களோடு கடல் தாண்டினாய். அவை உன்னுடையவை என்றும், அவற்றைப் பற்றி எங்கும் பேச மாட்டேன் என்றும் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நீ நீட்டினாய், நான் களைத்திருந்தேன். அதற்கப்புறம் என் அம்மா இறந்தபோது நீ வரவில்லை. உன் துணிகளை இரண்டு வருடம் துவைத்துப் போட்டவள். மலர் வளையம் வந்தது, அட்டையில் உன் புதுக் கம்பெனியின் பெயர் அச்சடித்திருந்தது. இவற்றையெல்லாம் நான் நாய் வளர்ப்பதுபோல வளர்த்தேன், வேளாவேளைக்குத் தீனி போட்டு. இப்போது பார்த்தால் அதில் எனக்கு ஒரு வசதி இருந்திருக்கிறது. உன் மேல் கோபமாக இருக்கும் வரை நான் வின்ஸை நினைக்க வேண்டியதில்லை.

ஆனால் இது சின்ன ஊர். வின்ஸ் இப்போது குப்பைக் கிடங்கின் எடைமேடையில் உட்கார்ந்திருக்கிறான், உள்ளே வரும் வண்டிகளுக்குச் சீட்டுக் கொடுக்கிறான். அதனால் நான் கிடங்குக்குப் போவதில்லை. என் வீட்டின் பின்னால் உடைந்த ஃபிரிட்ஜ் ஒன்று ஆறு வருடமாகக் கிடக்கிறது. மூன்று வாரத்துக்கு முன் வெள்ளிக்கிழமை கிளப்பில், பரிசாகத் தரும் இறைச்சித் தட்டுக்குச் சீட்டுக் குலுக்கும்போது, அவன் நேராக என் மேசைக்கே வந்து உட்கார்ந்தான்.

"என்ன புரொபசரே, சூப்பர் மார்க்கெட்ல என்னைப் பாத்தா பிஸ்கட் அலமாரிக்குப் பின்னால ஒளியறீங்களாமே? ரேலீன் சொன்னா. நான் கடிக்க மாட்டேன். கைதான் ஒண்ணு குறையுது, பல்லு பூரா இருக்கு, ஆனாலும் கடிக்க மாட்டேன்."

அவன் பியரைக் குறைக்கையின் இடுக்கில் வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் சீட்டைப் பிரித்தான்.

"உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. அத நெனச்சு ஒளியாதீங்க. தப்பு என்னுது. நாப்பது எண்ணணும்னு ஊருக்கே சொன்னவன் நான். பன்னிச் சத்தம் இல்லாததும் எண்ணிக்கை விட்டுப்போச்சு. இருபது எண்ணினேனா, இருபத்தஞ்சா? பத்து வருசமா யோசிச்சுப் பாக்கறேன், பிடிபடல. வீட்டுக்காரி மரியாகூட சொல்றா, தூக்கத்துல எண்ணுறேனாம்."

நானூறு எண்ணியிருந்தாலும் அந்தச் சிலிண்டர் நிறைந்துதான் இருந்திருக்கும், கிளெம். நாலாயிரம் எண்ணியிருந்தாலும். அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. நான் அவனுக்கு இன்னொரு பியர் வாங்கிக் கொடுத்தேன். அதைத்தான் செய்தேன். இறைச்சித் தட்டு அவனுக்கு விழுந்தது, அதை மார்போடு அணைத்துக்கொண்டு போனான்.

இதற்குப் பிறகுதான் அந்தப் பத்திரிகை. பூதக்கண்ணாடியில் என்ன தெரிந்தது என்று கேள். குழாயின் பக்கத்திலேயே கேஜ். சிலிண்டரின் கழுத்து மழமழவென்று வெறுமையாக. வடிகாலில் என் டப்பா, அதே நான்கு போல்ட். முலாம் பூசிப் பளபளப்பாக்கியிருக்கிறாய். படத்துக்குக் கீழே, அக்கம்பக்கத்தாரைத் தொந்தரவு செய்யாத வண்டி என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்கள்.

மறுநாளே உன் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் நன்றாகப் பேசினாள், பெயரைக் கேட்கும் வரை. பெயரைச் சொன்னதும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள், பிறகு நீ ஊரில் இல்லை என்றாள். வெள்ளிக்கிழமை ஒரு வக்கீலிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நான் போட்ட கையெழுத்தை மிகவும் மரியாதையாக நினைவூட்டியிருந்தார்.

ஆகவே நேற்று இதை எழுத உட்கார்ந்தேன். உன்னிடம் கேட்க வேண்டியது கொஞ்சம்தான். ஐந்து வண்டிகளையும் நிறுத்து. கழுத்தில் துளை போட்டுக் கேஜ் மாட்டு. அந்த டப்பாவைக் கழற்றி எறி, நாய்கள் பழகிக்கொள்ளும். சுவரில் ஒட்டிய தாளைக் கிழி. வரைபடங்கள் உன்னுடையவையாகவே இருக்கட்டும், ஜன்னலும் உன்னுடையதாக இருக்கட்டும், எனக்கு ஒன்றும் வேண்டாம்.

இவ்வளவும் எழுதிவிட்டு இன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படித்துப் பார்த்தேன். உன்னை எனக்கு முப்பத்தைந்து வருடமாகத் தெரியும். முதல் பக்கத்தில் என் கையெழுத்தைப் பார்த்ததும் உனக்குத் தலைவலி வரும். மேசை இழுப்பறையில் வைத்து, முப்பது வண்டியும் போய்ச் சேரட்டும், அப்புறம் சத்தமில்லாமல் செய்துவிடலாம் என்பாய். மனதார அப்படியே நம்பவும் செய்வாய். நீ கெட்டவன் இல்லை. அதுதான் எனக்குப் பயம்.

அதனால் இந்தக் கடிதம் உனக்கு வரவில்லை, கிளெம். பத்திரிகைப் படத்தில் வண்டிக்குப் பின்னால் அந்த மேட்டு நகரத்துப் பணிமனையின் பலகை இருக்கிறது, தெருவின் பெயரோடு. மெக்கானிக்குகளின் தேநீர் அறைக்கு என்று உறையில் எழுதிவிட்டேன்.

இதைப் பிரித்தவர் யாரோ, அவருக்கு: முகம் தெரியாத நண்பரே, மேலே இருப்பது இரண்டு பழைய ஆட்களின் சண்டை, அதை விட்டுவிடுங்கள். இதை மட்டும் செய்து பாருங்கள். வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து சாவியை அணையுங்கள். வடிகாலைத் திறந்துவிடுங்கள், கேஜ் பூஜ்யத்துக்கு வரும். வடிகாலை மூடுங்கள். எந்த நட்டிலும் கை வைக்காமல் சாவியை மட்டும் திரும்பப் போட்டு முள்ளைப் பாருங்கள். அது பூஜ்யத்திலேயே நின்றால் நான் பைத்தியக்காரன், இதைக் கிழித்துப் போடுங்கள். துள்ளிக்கொண்டு மேலே போனால், உங்கள் ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டு அதே முள்ளைக் காட்டுங்கள். கழுத்தில் கேஜ் வரும் வரை ஒருவரும் அந்த வண்டிக்கு அடியில் போகக் கூடாது. டப்பாவைக் கழற்றிவிடுங்கள், அது கத்தட்டும். நாற்பது வரை எண்ணுங்கள்.

எப்போதாவது கையில் ஊசிமுனை அளவு ஒரு புள்ளி வந்தால், கழுவிவிட்டுச் சாப்பிட உட்காராதீர்கள். அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போய், எண்ணெய் அழுத்தத்தோடு உள்ளே போயிருக்கிறது என்று சொல்லுங்கள். சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்கள் நம்பும் வரை சொல்லிக்கொண்டே இருங்கள். கூட இருக்கிறவர்கள் பேசாமல் இருந்தால் அவர்களையும் பேசச் சொல்லுங்கள்.

வின்ஸுக்குச் சொல்ல வேண்டியதைத் தபாலில் அனுப்ப முடியாது. குப்பைக் கிடங்கு நாளைக் காலை ஏழு மணிக்குத் திறக்கிறது. ஃபிரிட்ஜை ஏற்றிக்கொண்டு போய் எடைமேடையில் நிறுத்தி, அவன் முகத்தைப் பார்த்து, எத்தனை எண்ணினீர்கள் என்பது கணக்கே இல்லை என்று சொல்லப்போகிறேன். அதற்கப்புறம் அவன் கடித்தால் கடிக்கட்டும். அங்கிருந்து தபால் நிலையம்.

நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போய் இரண்டு கையாலும் ரொட்டியைப் பிய்த்துத் தின்ன வேண்டும். எனக்கு வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை.

கீழே பெயர் எழுதப் பேனாவைக் கொண்டுபோனேன், எழுதாமல் மூடிவிட்டேன். வக்கீலுக்குப் பயந்து அல்ல. யாராவது வந்து கேட்டால் நான்தான் என்று சொல்வேன். பெயர் இருந்தால் நீங்கள் வண்டி விற்ற கிளெம் ஹார்ட்டிகனுக்குப் போன் போட்டு இந்த ஆள் யார் என்று கேட்பீர்கள். அவன் உண்மையான வருத்தத்தோடு, "பாவம், நல்ல மூளைக்காரன், மனசு கசந்துபோச்சு" என்பான். அதோடு இந்தத் தாள் குப்பைக்குப் போகும். பெயர் இல்லாவிட்டால் விசாரிக்க ஆள் கிடையாது, நேராக வண்டியிடம் போய்த்தான் கேட்டாக வேண்டும். ஆகவே கையெழுத்தில்லாமல், இப்படியே உறையில் போட்டு ஒட்டுகிறேன்.